காற்றின் மேல் போட்ட பழி

எங்கள் ஊர்க்காரர்கள் ஓநாய்க்குப் பயப்படமாட்டார்கள், போலீஸுக்குப் பயப்படமாட்டார்கள், கடவுளுக்குக்கூட ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பயம். ஆனால் எதிரெதிரே இருக்கும் இரண்டு ஜன்னல்கள் ஒரே சமயத்தில் திறந்திருந்தால் போதும், ஆறடி ஆம்பிளையும் அலறிக்கொண்டு ஓடுவான். அந்த ஜன்னல்களுக்கு நடுவே ஓடும் காற்றுக்குப் புரோமாயா என்று பெயர். கழுத்து பிடித்துக்கொண்டால் புரோமாயா, பல் வலித்தால் புரோமாயா, கல்யாணமாகிப் பத்து வருஷம் குழந்தை இல்லையென்றால் அதற்கும் புரோமாயா. செர்பியாவில் போரில் செத்தவர்களைவிடப் புரோமாயாவில் செத்தவர்கள்தான் அதிகம் என்று சத்தியம் செய்து சொல்லக்கூடிய படித்தவர்களை எனக்குத் தெரியும்.

அதனால் அக்டோபர் மாதத்தில் விதோசாவா இருமத் தொடங்கியபோது காரணம் என்னவென்று யாரும் யோசிக்கவில்லை. காரணத்தை அவளே எடுத்துக் கொடுத்தாள். "நீஷ் போயிட்டு வர்ற பஸ்ல எவனோ ரெண்டு பக்கமும் ஜன்னலைத் திறந்து வச்சிருந்தான்" என்றாள். எல்லோரும் அந்த முகம் தெரியாத எவனையோ திட்டினார்கள். விஷயம் அதோடு முடிந்தது.

விதோசாவாவுக்கு, எங்களுக்கெல்லாம் விதா, ஐம்பத்திரண்டு வயது. அலெக்சினட்ஸ் ஊர் நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை. எங்கள் நீதிமன்றங்களில் சாட்சி உளறுவதையெல்லாம் அப்படியே எழுதுவது கிடையாது. சாட்சி பேசி ஓய்ந்ததும் நீதிபதி அதைச் சுருக்கி, சட்டத்துக்கு ஏற்றபடி வாக்கியமாக்கிச் சொல்வார்; பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் அதை அடிப்பாள். கடைசியில் அடித்ததைச் சத்தமாகப் படித்துக் காட்டுவாள், சாட்சி கையெழுத்துப் போடுவான். இருபத்தேழு வருஷமாக விதா அதைச் செய்துகொண்டிருந்தாள். நீதிபதியின் வாய் மூடுவதற்குள் அவளுடைய வாக்கியம் முற்றுப்புள்ளிக்கு வந்துவிடும் என்று வக்கீல்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சை அவள் காதில் விழாதது மாதிரி இருப்பாள், ஆனால் வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் சொல்லிவிடுவாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் கைக்கு முடக்குவாதம் வந்தது. முதலில் இரண்டு விரல்களின் கணு வீங்கியது, பிறகு எல்லா விரல்களும். காலையில் எழுந்தால் கை முஷ்டியாக மூடிக் கிடக்கும். பத்து மணி வரைக்கும் திறக்காது. காபிப் பாத்திரத்தை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு தூக்குவாள். படுக்கையிலிருந்து எழும்போது கத்தக்கூடாது என்பதற்காகத் துண்டின் முனையை வாயில் கடித்துக்கொள்வாள். தலை சீவிவிட்டது அவள் புருஷன் திஹோமிர்தான். பள்ளிக்கூடத்தில் கொதிகலன் பார்க்கிற மனுஷன்; கரி அள்ளுகிற கையை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் பொண்டாட்டிக்குப் பின்னல் போட்டான். ஆனால் அவளை உடைத்துப் போட்டது வலி இல்லை. ஒருநாள் நீதிபதி மித்ரோவிச், அவள் சொல்லாமலேயே, வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். அன்றைக்கு விதா கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அப்புறம் நீஷ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேசிச் அந்த மஞ்சள் மாத்திரையைக் கொடுத்தார். மெத்தோட்ரெக்ஸேட். வாரத்தில் ஒரே நாள், திங்கட்கிழமை, ஆறு மாத்திரை. ஏப்ரலில் ஆரம்பித்தது. ஜூனில் வீக்கம் வற்றியது. ஜூலையில் நீதிபதி பழையபடி வேகமாகப் பேசினார். செப்டம்பரில், குளிர்காலத்துக்கு அய்வார் போடும் பருவத்தில், நாற்பது கிலோ சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டு, ஒவ்வொன்றாகத் தோலுரித்து, அரைத்து வதக்கி, இருபத்தாறு பாட்டில்களில் அடைத்து மூடியைத் தன் கையாலேயே இறுக்கினாள். திஹோமிர் ஒரு மூடியைத் திருகிப் பார்த்துவிட்டுத் தன்னால் திறக்க முடியவில்லை என்று பொய் சொன்னான். இருவரும் சிரித்தார்கள்.

மூன்று வாரம் கழித்து இருமல் வந்தது.

வறட்டு இருமல். சளி இல்லை, தும்மல் இல்லை. விதா முதல் இரண்டு நாள் அதை வெறும் இருமல் என்றுதான் நினைத்தாள். மூன்றாவது நாள் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தை எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். நீதிமன்றத்தில் வேலை பார்க்கிறவளுக்குப் பொடி எழுத்தைப் படிப்பது பழக்கம். அபூர்வமாகச் சிலருக்கு நுரையீரலில் அழற்சி வரலாம், வறட்டு இருமல், மூச்சுத் திணறல், காய்ச்சல் இருந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள், உயிருக்கே ஆபத்தாகலாம் என்று போட்டிருந்தது. அவள் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். நுரையீரல் என்ற சொல் அவள் மனதில் நிற்கவில்லை. நிறுத்திவிட்டு என்ற சொல்தான் நின்றது.

காகிதத்தைப் பழையபடி மடித்து அடுப்பில் போட்டாள். மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு மாலைதான் பஸ் கதையைச் சொன்னாள்.

அதற்கப்புறம் இரண்டு பயங்கள் அவளோடு குடியிருந்தன. காலையில் கண் விழித்ததும் முதலில் விரல்களை மடக்கிப் பார்ப்பாள். மடங்கும், விரியும், நிம்மதி. பிறகு மூச்சை இழுத்துப் பார்ப்பாள். அது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் முன்னதாகவே முட்டிக்கொண்டு நின்றது. சாயங்காலம் உடம்பு சுட்டது. வெப்பமானியை அலமாரியில் துணிகளுக்கு அடியில் சொருகி வைத்தாள், தன் கண்ணிலேயே படக்கூடாது என்று. திங்கட்கிழமை வந்தால் ஆறு மாத்திரையையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். முழுங்கினால் மூச்சு போகலாம், முழுங்காவிட்டால் கை போகும். மூச்சு போவது அபூர்வம் என்று காகிதமே சொல்லியிருக்கிறது, கை போவதோ அவள் கண்ணால் கண்டது. முழுங்கிவிடுவாள்.

திஹோமிரின் அக்கா லியூபிங்கா வந்து வைத்தியத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். பன்றிக் கொழுப்பைக் காகிதத்தில் தடவி நெஞ்சில் கட்டினாள். பிளம் சாராயத்தில் நனைத்த காலுறையைப் போட்டுவிட்டாள். தலைமுடி ஈரத்தோடு வெளியே போகிறவளுக்கு இதுவும் வேண்டும் இன்னமும் வேண்டும் என்று ஒரு மணி நேரம் ஏசினாள்.

"அக்கா, தலை காய்ஞ்சுதான் இருந்துச்சு" என்றாள் விதா.

"காய்ஞ்சிருந்துச்சுன்னு நீ நெனச்சுக்கிட்டே. காதுக்குப் பின்னாடி தொட்டுப் பார்த்தியா?"

விதாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலானது, இருமல் நிற்கவில்லை. லியூபிங்கா முதுகைத் தடவிக்கொண்டே தம்பியைப் பார்த்து, போய் சிரப்பாவது வாங்கிக்கொண்டு வா, மரம் மாதிரி நிற்காதே என்றாள்.

திஹோமிர் மருந்துக்கடைக்குப் போனான். ஒரு மணி நேரம் கழித்து வந்தபோது கையில் சிரப் இல்லை. ஜன்னல் இடுக்கில் ஒட்டும் பஞ்சு நாடா நான்கு சுருள் இருந்தது. சிரப் தீர்ந்துபோய்விட்டதாம். எவர் முகத்தையும் பார்க்காமல் நாற்காலியைப் போட்டு ஏறி, சமையலறை ஜன்னலில் ஆரம்பித்துப் படுக்கையறை ஜன்னல் வரைக்கும் ஒரு விரலிடை விடாமல் ஒட்டினான். கதவுக்கு அடியில் பழைய போர்வையைச் சுருட்டி வைத்தான். "இனிமே ஒரு நூல் காத்துகூட உள்ளே வராது" என்றான். லியூபிங்கா தம்பியை மெச்சினாள். விதாவும் மெச்சினாள். அவன் இவ்வளவு நம்புகிறானே என்று அவளுக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது.

நவம்பரில் நீதிமன்றப் படிகள் அவளைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தன. இருபத்திரண்டு படி. முன்பெல்லாம் கோப்புக் கட்டோடு ஏறுவாள். இப்போது ஏழாவது படியில் நின்று கைப்பையில் எதையோ தேடுவதுபோலத் தேடுவாள், பதினான்காவது படியில் இன்னொரு தடவை. ஒரு வெள்ளிக்கிழமை நிலத்தகராறு வழக்கு. அவள் அடித்து முடித்தாள், விரல்கள் பறந்தன. படித்துக் காட்டச் சொன்னார் நீதிபதி. அவள் எழுந்து, "சாட்சி கூறுவதாவது, மேற்படி வேலியைத் தன் தந்தையார் காலத்திலிருந்தே" என்று தொடங்கினாள். அதற்குமேல் மூச்சு இல்லை. அடுத்த சொல் கண்ணுக்கு எதிரே இருக்கிறது, அதைச் சொல்வதற்கான காற்று இல்லை. அவள் வாயைத் திறந்தபடி நின்றாள். சபை மொத்தமும் அவளைப் பார்த்தது. உதடு நீலம் பாரித்திருக்கிறதே என்று முன்வரிசையில் ஒரு கிழவி சொன்னது அவள் காதில் விழுந்தது. செத்துப்போகப்போகிறேன், இங்கேயே, இந்த வேலி வழக்கிலேயே என்று அவளுக்குத் தோன்றியது.

நீதிபதி மித்ரோவிச் கோபத்தோடு காவலரைத் திரும்பிப் பார்த்தார். "எந்த மடையன்யா அந்த ஜன்னலைத் திறந்து வச்சது? புரோமாயாவுல அந்தம்மாவைச் சாகடிக்கப் பாக்கறீங்களா?"

காவலர் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். உள்ளே வந்துகொண்டிருந்த கொஞ்சக் காற்றும் நின்றது. விதா நன்றி சொல்வதுபோலத் தலையை ஆட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திஹோமிரின் சித்தப்பா பையன் வீட்டில் ஸ்லாவா, குடும்பத்துப் புனிதரின் விருந்து. விதா வரவில்லை, தூங்கப்போகிறேன் என்றாள். அவன் மட்டும் போய், மெழுகுவர்த்திக்கு முன்னால் நின்று, கோதுமைப் பிரசாதம் ஒரு கரண்டி வாங்கி, மூன்று மணிக்கெல்லாம் பொண்டாட்டிக்கு ஒரு தட்டு பலகாரத்தைத் தாளில் சுற்றிக்கொண்டு திரும்பினான். வீட்டு வாசற்கதவு விரியத் திறந்து கிடந்தது.

உள்ளே போனான். அவன் ஒட்டிய நாடாக்கள் கிழிந்து தொங்கின. சமையலறை ஜன்னலும் எதிரே படுக்கையறை ஜன்னலும் அகலத் திறந்திருந்தன. நவம்பர் காற்று வீட்டுக்குள் ஓடி மேஜைத் துணியைத் தூக்கியடித்தது. அந்தக் காற்றுக்கு நட்டநடுவில், இரவு உடையோடு, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு விதா நின்றாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. கழுத்து எலும்புக்கு மேலே தோல் குழிந்து குழிந்து உள்ளே போனது.

திஹோமிர் பழக்கத்தில் ஜன்னலைச் சாத்தக் கையை நீட்டினான்.

"சாத்தாதே" என்றாள். ஒரு மூச்சு. "திஹோ." இன்னொரு மூச்சு. "எனக்குப் பயமா இருக்கு."

அவன் பலகாரத்தை எங்கே போட்டானென்று அவனுக்கே தெரியாது. தன் கோட்டைக் கழற்றி அவளுக்கு மாட்டி, தூக்கிக்கொண்டுபோய்க் காரில் உட்கார வைத்தான். நீஷ் போய்ச் சேரும் முப்பது கிலோமீட்டரும் நான்கு ஜன்னல்களையும் இறக்கிவிட்டபடியே ஓட்டினான். பிறந்ததிலிருந்து கழுத்தில் துண்டில்லாமல் வெளியே வராத மனுஷன். வழி முழுக்க அவள் மூச்சைக் காதால் எண்ணிக்கொண்டு வந்தான். ஒன்று கேட்கத் தாமதமானால் அவன் மூச்சும் நின்றது.

எக்ஸ்ரேயில் கறுப்பாக இருக்க வேண்டிய இரண்டு பக்கமும் வெளுத்திருந்தது. முதலில் கிருமியா என்று பார்த்தார்கள், கிருமி இல்லை. மூக்கில் குழாய் வழியாக ஆக்சிஜன், நரம்பில் ஸ்டீராய்டு. மறுநாள் காலை டாக்டர் கேசிச் மேல்மாடியிலிருந்து இறங்கிவந்து பார்த்தார். நூற்றுக்கணக்கான பேருக்கு இந்த மாத்திரையைக் கொடுத்திருக்கிறேன், இப்படி ஆனது உன்னோடு மூன்றாவது ஆள் என்றார். இருமல் எப்போது தொடங்கியது என்று கேட்டார். ஆறு வாரம் என்று அவள் விரலால் காட்டினாள். அவர் திட்டவில்லை, அவள் அட்டையில் மெத்தோட்ரெக்ஸேட் என்று எழுதி, குறுக்கே சிவப்புக் கோடு போட்டு, இனி ஆயுசுக்கும் கூடாது என்றார். ஒரு வாரம் தாமதித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று அவள் கேட்கவில்லை. அவர் பார்வையிலேயே தெரிந்தது.

ஐந்தாம் நாள் குழாயைக் கழற்றினார்கள். மத்தியானம் திஹோமிர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். விதாவுக்கு அதற்குமேல் மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

"அது புரோமாயா இல்லைன்னு எனக்கு முதல் வாரமே தெரியும். பஸ்ல யாரும் ஜன்னலைத் திறக்கலை. நான் சொன்ன பொய்."

அவன் தலை நிமிரவில்லை. தோலைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டே, "எனக்கும் தெரியும்" என்றான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சிரப் வாங்கப் போனேனே அன்னிக்கு. கடைக்காரம்மா, வேற என்ன மாத்திரை சாப்பிடறாங்கன்னு கேட்டாங்க. சொன்னேன். சிரப் கொடுக்கமாட்டேன், இன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, அந்த மாத்திரைக்கு இந்த இருமல் ஆகாதுன்னாங்க."

"அதைக் கேட்டுட்டு வந்தா நாடா ஒட்டினே?"

ஆரஞ்சு அவன் கையில் நசுங்கியது. "காலையில நீ துண்டைக் கடிச்சுக்கிட்டு எழுந்திருப்பியே. அதை இன்னொரு தடவை பாக்க எனக்குத் தெம்பு இல்லை, விதா. ரெண்டு நாள் பாப்போம், ஒருவேளை காத்தாவே இருக்கும்னு நெனச்சேன். ரெண்டு நாள்னு நெனச்சது நாலு வாரமாயிடுச்சு."

நோயில் பயந்தாள், நீதிமன்றத்தில் பயந்தாள், ஆனால் உடம்பு சில்லிட்டுப்போனது இப்போதுதான். தான் எல்லை மீறிப் போனால் இவன் பிடித்து இழுத்துவிடுவான் என்ற தைரியத்தில்தான் அவள் அவ்வளவு தூரம் போயிருந்தாள். அவளைப் பிடிக்க அங்கே யாருமே இருக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த பிரியத்தால் கதவை உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காற்று பாவம், பழியைச் சுமந்தது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவன் வரத் தாமதமானபோது வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தபின் ஸ்டீராய்டைக் குறைக்கக் குறைக்க, பயந்தது பயந்தபடியே நடந்தது. ஜனவரியில் கணுக்கள் வீங்கின, பிப்ரவரியில் கை மூடிக்கொண்டது. நீதிமன்றத்தில் அவளை அடித்தளத்துப் பதிவறைக்கு மாற்றினார்கள். அவள் நாற்காலியில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்தாள். விலை கூடிய ஊசிக்கு மருத்துவக் குழுவின் அனுமதி வர ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் அவள் துண்டைக் கடித்தாள், அவன் பின்னல் போட்டான், இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் எது வாயில் வருமோ என்ற பயம் இரண்டு பேருக்கும் இருந்தது.

ஜூலையில் ஊசி தொடங்கியது, இரண்டு வாரத்துக்கு ஒன்று. மூன்றாவது ஊசிக்கு விரல் அசைந்தது. ஆறாவது ஊசிக்குக் கை திறந்தது. அக்டோபர் முதல் வாரம் நீதிபதி மித்ரோவிச் ஆளனுப்பி அவளைப் பழைய நாற்காலிக்கே வரச் சொன்னார். வரும் திங்கட்கிழமை சேரலாம்.

அந்த வியாழக்கிழமை குளித்துவிட்டுக் காலைத் துடைக்கும்போது இடது உள்ளங்காலில் சின்னச் சின்னதாகச் சீழ்க் கொப்புளங்களைப் பார்த்தாள். எண்ணினாள், ஏழு. ஊசிப் பெட்டியின் காகிதத்திலும், அபூர்வமாகச் சிலருக்குக் கொப்புளம் வரலாம், உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள் என்றொரு வரி இருந்தது. புதுச் செருப்பு கடித்திருக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். புதுச் செருப்பு வாங்கி இரண்டு வருஷமாகிறது. சாயங்காலம் அவள் பாதத்தைச் சாய்த்து நடப்பதைத் திஹோமிர் பார்த்தான். அவன் பார்த்ததை அவளும் பார்த்தாள். சூப் நன்றாக இருக்கிறது என்றான்.

மறுநாள் நீஷில் மாதப் பரிசோதனை. டாக்டர் கேசிச் அவள் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார், கையை மடக்கச் சொன்னார், விரிக்கச் சொன்னார். ரத்த அறிக்கை அருமை என்றார். நுரையீரல் சுத்தம் என்றார். பேனாவை எடுத்துக்கொண்டு, எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"வேற ஏதாவது தொந்தரவு உண்டா?"

திஹோமிர் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். விதா ஜன்னலைப் பார்த்தாள். திங்கட்கிழமையை நினைத்தாள், அடித்தளத்து அறையை நினைத்தாள், ஏழு கொப்புளம் என்ன பெரிய விஷயம் என்று நினைத்தாள். டாக்டர் 'இல்லை' என்று எழுதுவதற்காகப் பேனாவைத் தாளில் வைத்துவிட்டார். பக்கத்தில் புருஷன் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. அவன் சொல்லப்போகிறானா, விழுங்கப்போகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள அவள் காத்திருக்க விரும்பவில்லை.

"இருக்கு டாக்டர்" என்றாள்.

குனிந்து, யார் உதவியும் இல்லாமல், இடது காலணியின் கயிற்றைப் பிடித்தாள். பத்து விரலும் சொன்னபடி கேட்டன. முடிச்சு சட்டென்று அவிழ்ந்தது.